ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்க வேண்டும்

நடந்து போகிறவர்களுக்காகவும் பஸ்ஸில் போகிறவர்களுக்காகவும் ஒரு கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்துக்கு முன்னால் நடக்க இடமில்லை. நடைபாதையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல்வரை மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் கூட்டத்துக்கு வந்தவர்களுடையவை. நடைபாதையைத் திருத்துவது எப்படி என்று கருத்துச் சொல்ல வந்தவர்கள், வந்த கையோடு அதை அடைத்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள்.

நானும் என் கணவரும் வீதியில் இறங்கித்தான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு அது பெரிய காரியமில்லை. அவருக்குப் பெரிய காரியம். சலரோகத்தால், அதுதான் சீனி வருத்தத்தால், அவருடைய வலது காலின் விரல்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். முன்பாதி இல்லாத அந்தப் பாதத்துக்கென்று செய்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பொல்லை ஊன்றி நடப்பார்.

நாங்கள் இறங்கி ஏறுவதற்குள் ஒருவர் தன் ஸ்கூட்டியை மிச்சமிருந்த ஒரேயொரு இடைவெளிக்குள் செருகினார். வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி.

"அண்ணை, உது ஆக்கள் நடக்கிற இடமெல்லோ?" என்றேன்.

"ஓம் தங்கச்சி, அதைப் பற்றிக் கதைக்கத்தான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு, திறப்பை மடியில் செருகிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அன்று ஒரு பஸ் தரிப்பிடத்தைக் காப்பாற்றப் போயிருந்தேன்.

அந்தத் தரிப்பிடம் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறது. ஒரு கம்பம், அதில் ஒரு பலகை, வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். உடுவிலுக்குள்ளே தோட்டங்களுக்கு நடுவால் போகும் எங்கள் ஊர்ச் சின்ன பஸ் அதில் நின்றுதான் போகும். இறங்கினால் கிளினிக் வாசல் கண்ணுக்கு முன்னால். இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு கால்களும் முழுதாக இருக்கும்.

அவர் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்தவர். காலில் முள் குத்தியது அவருக்குத் தெரியவேயில்லை. சீனி கூடினால் கால் மரத்துப் போகும் என்பார்கள். தெரிந்தபோது விரல்கள் கறுத்துவிட்டன. எடுத்த பிறகு பல மாதங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். வியாழக்கிழமைகளில் கிளினிக்குக்கு ஊர் ஓட்டோக்காரன் வந்து அவரைத் தூக்கி ஏற்றுவான். நல்ல பிள்ளை, அன்போடுதான் தூக்குவான். ஆனால் தூக்கும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, எனக்குச் சொல்லாமல், தனியே பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போய்விட்டார். நான் அயல் வீடெல்லாம் தேடிக் களைத்துப்போய் இருக்க, மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் எனக்கென்று பேப்பரில் சுற்றிய ஒரு சரை கச்சான் கடலை. "என்னப்பா, சாப்பாடு ஆயிற்றோ?" என்று ஒன்றும் நடவாதவர்போலக் கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே குசினிக்குள் போய் அழுதேன். என் மனிசன் திரும்பி வந்துவிட்டார் என்ற அழுகை அது. அன்றிலிருந்து எந்த வியாழக்கிழமையும் அவரை எவரும் தூக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வீதியைத்தான் அழகாக்கப் போகிறார்களாம். பேப்பரில் வந்தது. பஸ்கள் இனி ஆஸ்பத்திரி வீதிக்குள் வராது. தரிப்பிடங்களை எடுத்துவிட்டு, அகலமான நடைபாதை, மின்கம்பங்கள், இருக்கைகள், வாகனம் நிறுத்த இடம் எல்லாம் போடுவார்கள். பஸ்கள் எல்லாம் பட்டணத்தின் தொங்கலில், ஒரு வெறுங்காணியில் கட்டப்படும் புதிய ஸ்ராண்டில் நிற்கும். வருத்தக்காரர் அங்கிருந்து நடந்து வரலாம். நடப்பதற்குத்தான் நல்ல நடைபாதை போடுகிறார்களே! பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கடைசி வரியில் இருந்தது. சொல்லுவோம் என்று நானும் வெளிக்கிட்டேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தபாற்கந்தோரில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள். கவுண்டரில் எனக்கு ஒரே நீதிதான்: முதலில் வந்தவருக்கு முதலில். வழக்குப் பேசும் அப்புக்காத்து வந்தாலும் சரி, ஆடு மேய்க்கிறவர் வந்தாலும் சரி, முன்னால் நிற்பவரின் அலுவலை முடித்துவிட்டுத்தான் அடுத்தவரை நிமிர்ந்து பார்ப்பேன். "என்னை ஆரெண்டு தெரியாதோ?" என்று கேட்டவர்கள் உண்டு. "வரிசையிலை வாங்கோ, தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அந்தப் பட்டத்தை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

மண்டபத்துக்குள் வேறு நீதி இருந்தது. முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். அவை பிரமுகர்களுக்கு. பஸ்ஸில் வந்த நாங்கள், பெரும்பாலும் பெண்களும் வருத்தக்காரரும், பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு பெண். கடற்றொழில் செய்யும் குடும்பம். தாயை மாதாமாதம் இருதயக் கிளினிக்குக்குக் கூட்டி வருகிறவள். சொல்ல வேண்டியதை வரும்போதே பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

முதலில் விளக்கேற்றினார்கள். விளக்கில் எத்தனை திரியோ அத்தனை பிரமுகர்கள். ஒவ்வொருவரையும் பதவி, முன்னாள் பதவி, சமூகத் தொண்டு எல்லாம் சொல்லி அழைத்தார்கள். காற்றுக்குத் திரி அணைகிறது என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். பிறகு அவற்றைப் போட மறந்துபோனார்கள். ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை. நாங்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கேட்டோம்.

தலைவர் ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகத்தர். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிக் கதைக்கும் மனிதர். அவர் அழைக்க, திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் மேடைக்கு வந்தாள். சின்ன வயதுப் பெண். கெட்டிக்காரி என்பது அவள் கதைத்த விதத்திலேயே தெரிந்தது. புதிய வீதி எப்படி இருக்கும் என்று திரையில் ஒரு படம் காட்டினாள்.

அந்தப் படத்து வீதியில் வெயில் இல்லை. ஒருவரும் குடை பிடிக்கவில்லை. ஒருவருடைய கையிலும் பை இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயொன்றைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போனாள்.

"உந்த நாய்க்கும் கிளினிக்கோ?" என்று என் கணவர் காதுக்குள் கேட்டார்.

பிறகு கருத்துக்கள். கையை உயர்த்தியவர்கள் பலர் பின்னால் இருந்தோம். தலைவரின் கண் முன்வரிசையைத் தாண்டவில்லை. ஓய்வு பெற்றவர்கள், சங்கத் தலைவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் என்று மரியாதை முறைப்படி அழைத்தார். எங்கள் ஊர்களில் இது வழமை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கோயில் கூட்டத்திலும் பெரியவர் கதைத்த பிறகுதான் சிறியவர் கதைப்பார். அதில் பிழை ஒன்றும் இருப்பதாக ஒருவரும் நினைப்பதில்லை. மேடையில் இருந்தவர்களும் நினைக்கவில்லை.

தரிப்பிடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் முதலாளி எழுந்தார். பஸ் புகையால் நடக்கிற சனம் படும் பாட்டைச் சொல்லி உருகினார். அவருடைய வாளிகளும் பாய்களும் கதிரைகளும் கடைக்குள் இருப்பதைவிட நடைபாதையில்தான் அதிகம். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுததாம். பஸ் வந்து நின்றால் கடை மறைகிறது என்பதுதான் அவருடைய நோவு. அதை அவர் சொல்லவில்லை. நல்ல கைதட்டல் கிடைத்தது.

அடுத்து எழுந்தவர் வாசலில் கண்ட ஸ்கூட்டிக்காரர். ஏதோ ஒரு சபையின் தலைவராம்.

"எங்கடை சனத்துக்கு நடக்கிறது என்ன புதுசோ?" என்று கேட்டார். "திருவிழாக் காலத்திலை றோட்டை மறிச்சால் எவ்வளவு தூரம் நடக்கினம்! சுடுமணலிலை வெறுங்காலோடை நடக்கினம். பிரதட்டை பண்ணுகினம். ஒரு ஸ்ராண்டுக்கு நடக்கிறது பெரிய கரைச்சலோ?"

கோயில் வீதியைப் பிரதட்டையாக உருண்டு சுற்றுகிறவர்களையும், புண்ணில் சீழ் வடியும் காலோடு கிளினிக்குக்கு வருகிறவர்களையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு உச்சந்தலை சூடேறியது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதற்குள் யன்னலுக்கு வெளியே வெயில் சரிந்துவிட்டது. அப்போதுதான் பின்வரிசைகளில் அந்த அசைவு தொடங்கியது. ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். பக்கத்திலிருப்பவருக்கு ஏதோ சொல்வார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பேசுகிறவருக்கு மறைக்கக் கூடாதே என்று குனிந்து, சுவரோரமாக வெளியேறுவார். ஊர்களுக்குப் போகும் கடைசி பஸ்கள் எங்களுக்கு இருட்டுவதற்கு முந்தியே போய்விடும். அதை விட்டால் வேறில்லை. தொண்டைமானாற்றுப் பெண்ணும் எழுந்தாள்.

"அக்கா, எனக்காகவும் சேத்துச் சொல்லுங்கோ. நான் வாறன்," என்றாள். பாடமாக்கிக்கொண்டு வந்ததை அப்படியே திரும்பக் கொண்டுபோனாள்.

"இஞ்சரும், எங்கடை பஸ்ஸும் வரப்போகுது. எழும்பும்," என்றார் என் கணவர்.

எழும்பினேன். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. நடுவழியால் முன்னே போனேன்.

"தலைவர் ஐயா, நான் ஒண்டு கதைக்க வேணும்."

"அம்மா, உங்கடை முறை வரும். கொஞ்சம் பொறுமையாய் இருங்கோ."

"எங்கடை முறை வர முந்தி எங்கடை பஸ் போயிடும், ஐயா."

ஒலிவாங்கி என் கையில் இல்லை. எனக்கு அது தேவையுமில்லை.

"பின்னுக்கு ஒருக்கால் பாருங்கோ. கதிரையெல்லாம் வெறுமை. உங்கடை திட்டத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போகேல்லை அவை. கடைசி பஸ்ஸுக்குப் போயிட்டினம். இனி இஞ்சை இருக்கிறது முழுக்க மோட்டார் சைக்கிளிலையும் காரிலையும் வந்த ஆக்கள். பஸ்ஸைப் பற்றி ஆரிட்டைக் கேக்கப் போறியள்?"

"அம்மா, கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு," என்றார் தலைவர்.

"அந்த ஒழுங்கைத்தான் நானும் சொல்லுறன்." பிறகு ஸ்கூட்டிக்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணை, பிரதட்டை பண்ணுறவை நேர்த்தி வைச்சுப் பண்ணுகினம். கிளினிக்குக்குப் போறதுக்கும் நேர்த்தி வைக்க வேணுமோ?"

மிச்சமிருந்த பின்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை. தலைவர் மேசை மணியை அடித்தார்.

மேடையிலிருந்த பொறியியலாளப் பெண், சமாதானமாகத்தான், குறுக்கிட்டாள். "அம்மா, புது ஸ்ராண்ட் அவ்வளவு தூரமில்லை. ஆஸ்பத்திரியிலையிருந்து ஒரு சின்ன நடைதான். நாங்கள் அளந்துதான் முடிவெடுத்தனாங்கள்."

"நடந்து பாத்தனீங்களோ, பிள்ளை?"

அவள் பொய் சொல்லவில்லை. அதற்காக அவளை இன்றும் மதிக்கிறேன். "இல்லை அம்மா. வாகனத்திலைதான் போனனாங்கள்."

"அப்ப வாங்கோ. இப்ப நடப்பம். இவரும் வருவார்," என்று பின்னால் கையைக் காட்டினேன்.

என் கணவர் கதிரைக்குக் கீழே புகுந்துவிடலாமா என்பதுபோல் பார்த்தார். அவரை நான் கேட்கவேயில்லை. ஆனால் பொல்லை எடுத்தார். அந்தப் பெண் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையோடு இறங்கி வந்தாள். என்ன நினைத்து வந்தாளோ தெரியாது. இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது, அடுத்த பிரமுகரை அழைப்பது கேட்டது.

ஆஸ்பத்திரி வாசல் மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து நடையைத் தொடங்கினோம். தரிப்பிடத்தில் எங்கள் ஊர்ச் சனம் சிலர் பஸ்ஸுக்கு நின்றார்கள். "ஏன் நிக்காமல் போறியள்?" என்று கேட்டார்கள். "ஸ்ராண்டுக்கு நடக்கிறம்" என்றேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் அந்தப் பெண் கதைத்துக்கொண்டு வந்தாள். நடைபாதை எவ்வளவு அகலம், மரங்கள் எங்கெங்கே வரும் என்று விளக்கினாள். எதிர்ப்பக்க நடைபாதையில், முதலாளியின் வாளிகளுக்குப் பக்கத்தில் வீதிக்கு இறங்கினோம். ஏறினோம். அதற்கப்பால் கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் வாசலைத் தனக்குப் பிடித்த உயரத்துக்கு உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒரு கடைக்கு ஏற வேண்டும், அடுத்த கடைக்கு இறங்க வேண்டும். ஓரிடத்தில் வடிகாலின் கொங்கிறீற்று மூடி உடைந்திருந்தது. ஆரோ ஒரு புண்ணியவான் விழுந்துவிடாதீர்கள் என்று அந்தக் குழிக்குள் ஒரு பூவரசங் கொப்பை நட்டிருந்தான். மறுபடி வீதி. மறுபடி மோட்டார் சைக்கிள்கள். அந்தப் பெண் கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

என் கணவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நிற்க ஒரு காரணம் தேடுகிறவர்போல ஒரு கடைப்படியில் பொல்லை ஊன்றி நின்றார். களைத்துவிட்டாரா என்று கேட்கத் தேவையில்லை. வாயை இறுக்கியிருந்தார். மண்டபத்தில் இருந்த வீரம் பாதி வழியிலேயே போய்விட்டது. என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது.

அப்போது பின்னால் பஸ் வந்தது. எங்கள் பஸ். கடைசி பஸ். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த கொண்டக்டர் எங்களைக் கண்டு தட்டி நிறுத்தினான்.

"ஐயா, என்ன உந்த நடை? ஓடியாங்கோ, ஏறுங்கோ! இதுக்குப் பிறகு பஸ் இல்லை!"

"நடந்தது காணும், ஏறுங்கோ," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். பொறியியலாளப் பெண்ணும் "ஐயா, காணும். எனக்கு விளங்கீட்டுது. ஏறுங்கோ," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "நீ போ தம்பி. நாங்கள் புது ஸ்ராண்டுக்குப் போறம்."

"அங்கை ஒண்டுமில்லை ஐயா, வெறுங்காணி!"

"தெரியும். அங்கைதானாம் இனி நீ நிக்கப் போறாய்."

கொண்டக்டர் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? பஸ் போய்விட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து கத்துகிறவள் நான், சிரிக்கிறவர் அவர். அவருக்குள் இப்படி ஒரு பிடிவாதம் இருப்பதை நான் அறியவில்லை. கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது கூட என்று சொல்லத் தெரியவில்லை.

ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். காணியில் நாயுருவியும் ஆமணக்கும் மண்டிக் கிடந்தன. இரண்டு ஆடுகள் மேய்ந்தன. அவர் மதகுக் கட்டில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையின் முன்பக்கம் சிவந்து நனைந்திருந்தது. மரத்த கால் அல்லவா, எந்த இடத்தில் தோல் உரிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"ஐயா, எங்கடை வாகனத்தை வரச் சொல்லுறன். வீட்டை கொண்டுபோய் விடுறம்."

"வேண்டாம் பிள்ளை," என்றார் அவர். குரலில் கோபமில்லை. "இண்டைக்கு நீங்கள் ஏத்துவீங்கள். வியாழக்கிழமை ஆர் ஏத்துறது?"

அவள் கைத்தொலைபேசியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். கண் கலங்கி நின்றாள். நான் ஊர் ஓட்டோக்காரனுக்கு அழைப்பெடுத்தேன். அவன் வந்து, ஒன்றும் கேட்காமல், இவரைத் தூக்கி ஏற்றினான். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் புண் ஆறப் பல நாள் எடுத்தது. நாள்தோறும் மருந்து கட்டும்போது நான் என்னையும் திட்டினேன், முன்வரிசையையும் திட்டினேன். முன்வரிசைக்குத்தான் கூடுதலாக விழுந்தது. இதற்கிடையில் அந்தப் பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தை இன்னொரு முறை, காலையில், ஆஸ்பத்திரி வாசலிலேயே வைக்க வேண்டும் என்று மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறாளாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும் என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

அவர் திரும்பவும் நடக்கத் தொடங்கிய முதல் வியாழக்கிழமை, நானும் கூடப் போனேன். காலையில் பஸ் எங்களை வழமையான இடத்தில் இறக்கியது. கிளினிக் முடிந்து வெளியே வந்து பார்த்தால் கம்பத்தைக் காணோம். அதன் பிறகு எந்தக் கூட்டமும் நடக்கவில்லை, எந்த முடிவும் வரவில்லை, கம்பம் மட்டும் போய்விட்டது. அது நின்ற இடத்தில் மண் கிளறிக் கிடந்தது. எதிர்க்கடை முதலாளி வாசலில் நின்று வேறெங்கோ பார்த்தார்.

போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "அம்மா, இதிலை இனி பஸ் நிக்காதாம். அங்காலை போங்கோ," என்றார்.

"ஆர் சொன்னது?"

"சொல்லிச்சினம்."

"சொன்னவையை வரச் சொல்லுங்கோ. நாங்கள் இதிலை நிக்கிறம்."

அவர் பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்கு நின்ற சனம் அரைவாசி ஏற்கெனவே பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் சனம் அப்படித்தான். போ என்றால் போகும். ஏன் என்று வீட்டுக்குப் போய்த்தான் கேட்கும்.

"ஏன் போறியள்?" என்று கத்தினேன். "நில்லுங்கோ! கம்பத்திலையோ ஏறி வீட்டை போறனீங்கள்?"

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு போன ஒருத்தி திரும்பி வந்தாள். அவளைப் பார்த்து ஒரு கிழவர் வந்தார். பிறகு மற்றவர்கள்.

பஸ் வந்தது. கம்பத்தைக் காணாத டிறைவர் நிறுத்துவதா விடுவதா என்று தடுமாறி வேகத்தைக் குறைத்தான். பொலிஸ்காரர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போது என் கணவர் நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்கினார். நேரே பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் கை நீட்டினால் பஸ் நிற்கும். அதற்குக் கம்பம் வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் குழந்தைக்காரி கையை நீட்டினாள். கிழவர் நீட்டினார். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன.

பஸ் நின்றது.

பின்னால் நின்ற வான் ஹோர்ன் அடித்துக் கத்தியது, கார் கத்தியது, மோட்டார் சைக்கிள்கள் கத்தின. முதலாளி வாசலில் நின்று ஏதோ சத்தம் போட்டார். என் கணவர் கம்பியைப் பிடித்து நல்ல காலை மிதிபலகையில் வைத்தார். மற்றக் காலைத் தூக்குவதற்கு நேரம் எடுத்தது.

"கெதியாய் ஏறுங்கோ ஐயா, றோட்டு முழுக்க நிக்குது!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆறுதலாய் ஏறுங்கோ," என்று நான் வீதி முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். "நிக்கட்டும்."